ஐந்து நாள் காய்ச்சல்

பூவராகனுக்கு அந்த மூக்கைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் வகுப்பு கவிநிலாவின் மூக்கு அது. ஐந்து நாள் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை காலை வந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. முகம் நன்றாகக் கறுத்திருந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளை வெளுத்துப் போகும், கறுக்குமா?

சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அதற்குள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி. மடத்தின் குரு மரகதம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. சீடர் பூவராகனுக்கு அறுபத்திரண்டு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் மன அமைதி தேடி மடத்துக்கு வந்தவர். குரு அவர் கையில் பள்ளிக்கூடத்தைக் கொடுத்துவிட்டார். அமைதி கிடைத்ததா என்று நீங்கள் கேட்கக் கூடாது.

அவர் கவிநிலாவை மேசை அருகே கூப்பிட்டார்.

"காய்ச்சல் எத்தனை டிகிரி?"

"நூத்தி ஒண்ணுங்க சார்."

"மாத்திரை என்ன நிறம்?"

"வெள்ளைங்க."

"ஊசி?"

"போடலைங்க. இல்லைங்க, ஒண்ணு போட்டாங்க."

"எந்தக் கையில?"

கவிநிலா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எது என்று முடிவாகவில்லை.

பூவராகனுக்கு அது போதும். மதியமே அவள் வீட்டுப் பக்கம் நடந்தார். எதிர்வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஐந்து நாளும் வீடு பூட்டிக் கிடந்தது என்ற செய்தி தண்ணீரோடு வந்தது. ஆக, குடும்பமே ஊர் சுற்றப் போயிருக்கிறது. பள்ளி நாளில்!

திரும்பி வந்து விடுப்புக் கடிதத்தை எடுத்துப் படித்தார்.

'ஐயா, எனக்குக் கடுமையான காய்ச்சலாக இருப்பதால் என்னால் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகவே எனக்கு ஐந்து நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

எழுத்து பிள்ளையுடையதுதான். வாசகம்? எட்டு வயதுப் பிள்ளைக்கு 'இயலவில்லை' எங்கிருந்து வரும்? அப்பன் மாதையன் லாரி ஓட்டுகிறவர், கையெழுத்துக்கு மேல் பேனா பிடிக்காதவர். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அப்படியானால் படித்தவர் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொய்யைச் சொல்லச் சொல்ல, பிள்ளை எழுதியிருக்கிறது. அந்த ஆள் யார்?

செவ்வாய்க்கிழமை முழுக்க அவருக்கு அதே வேலை. கவிநிலாவின் தெருவில் குடியிருக்கும் ஜீவிதா டீச்சரைக் கூப்பிட்டு, சும்மா ஒரு விடுப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். அவள் வேறு மாதிரி எழுதினாள். வேண்டுமென்றே மாற்றி எழுதுகிறாள் என்று குறித்துக்கொண்டார். மடத்துச் சமையற்காரர் பத்தாவது வரை படித்தவர் என்பது தெரிய வந்தது. அன்று சாம்பார்கூடப் பூவராகனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கவிநிலாவின் பெயரை நீக்கும் உத்தரவை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொய் சொல்லி விடுப்பு எடுத்தால் பெயர் நீக்கம் என்பது அவரே போட்ட விதி. அடுத்த பள்ளி ஆறு கிலோமீட்டர். நேர் பஸ்ஸும் கிடையாது.

புதன்கிழமை காலை மாதையனும் மகளும் குருவின் அறைக்கு வந்தார்கள். பூவராகன்தான் வரச்சொல்லியிருந்தார்.

மாதையன் எதையும் மறைக்கவில்லை.

"தூத்துக்குடிக்கு லோடு ஏத்துனேங்க. அங்க எறக்கி மறு லோடு கெடைக்க நாலஞ்சு நாளாகும்னு சொன்னாங்க. சரின்னு ஊட்டுக்காரியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டேங்க. புள்ள கடலே பாத்ததில்லீங்கம்மா."

"மே மாசம் கூட்டிக்கிட்டுப் போறது?" என்றார் பூவராகன். "கடல் எங்க ஓடிப்போகுது?"

"மே மாசந்தாங்க ஓட்டம் ஜாஸ்தி. தீவாளி, பொங்கலுக்கும் ரோட்டுலதாங்க கெடப்பேன். புள்ளைக்கு லீவு உடறப்ப எனக்கு லீவு இல்லீங்க. எனக்குக் கெடைக்கறப்ப அதுக்கு இல்லீங்க."

பூவராகன் குருவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவர் சொல்றதைக் கேட்டா பாவமாத்தான் இருக்கும். என் பழைய பள்ளியில ஒருத்தி இருந்தா. நாலாம் வகுப்பு. திருவிழாவுக்கு அஞ்சு நாள்னு போனா. ஆறாம் நாள் தறியில வேலைக்கு நின்னுக்கிட்டிருந்தா. நான் போய்க் கூப்பிட்டேன். வரலை. பள்ளிக்கூடம் ஒரு நாள் இல்லேன்னாலும் பரவாயில்லைன்னு பழகிட்டா அவ்வளவுதான்."

ஆயிரம் சந்தேகப்பட்டாலும் அந்த மனிதருக்குப் பிள்ளைகள் மேல் இருந்த பாசம் பொய் இல்லை.

"அது எனக்குத் தெரியும் ஐயா," என்றார் மரகதம்மாள். "அதனாலதான் பிள்ளைங்களை உங்ககிட்ட விட்டிருக்கேன். இப்ப என்ன செய்யணும்?"

"பெயரை நீக்கணும். அதுக்கு முன்னாடி இந்தக் கடிதத்தைச் சொல்லிக் கொடுத்தது யாருன்னு தெரியணும். பிள்ளைக்குப் பொய்யைக் கத்துக் கொடுத்தவங்க இந்த மடத்துல இருக்கக் கூடாது."

கவிநிலா அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானாத்தாங்க எழுதுனேன்," என்றாள். குருவுக்கு மட்டுமே கேட்ட குரல்.

மரகதம்மாள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அதே கடிதத்தை இன்னொரு தடவை எழுது கண்ணு."

பூவராகன் மாதையனை வெளியே நிற்கச் சொன்னார். சன்னலைச் சாத்தினார். பாயைத் தூக்கி அடியில் ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று பார்த்தார். தாளைத் திருப்பியும் பார்த்தார். மரகதம்மாள் எதையும் தடுக்கவில்லை.

கவிநிலா குனிந்து எழுதினாள். எங்கும் நிற்கவில்லை, எதையும் அடிக்கவில்லை. எழுதி முடித்துத் தாளை நீட்டினாள்.

பூவராகன் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரு சொல் மாறவில்லை.

"மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்கம்மா! எவ்வளவு திட்டம் போட்டு வேலை பாத்திருக்காங்க, பாருங்க."

மரகதம்மாள் பிள்ளையைப் பார்த்தார். "யாரு கண்ணு சொல்லித் தந்தது?"

கவிநிலா பூவராகனைப் பார்த்தாள். சொல்லலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்லு. யாரும் அடிக்க மாட்டாங்க."

"சாருங்க."

"எந்த சார்?"

"இந்த சாருதாங்க. கட்டுரை வகுப்புல விடுப்புக் கடிதம்னு போர்டுல எழுதிப் போட்டாருங்க. பாத்து மூணு தடவ எழுதச் சொன்னாருங்க. அப்புறம் பாக்காம ஒரு தடவ. நான் பத்துக்குப் பத்துங்க."

பூவராகன் தாளை மறுபடி பார்த்தார். முப்பத்து நான்கு வருடமாகப் பள்ளி பள்ளியாக அவர் கரும்பலகையில் எழுதிப் போட்ட கடிதம். எழுதி எழுதிப் பழகிப்போய், அது தன்னுடையது என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவர் காது மடல் சிவந்தது.

"அது மாதிரிக் கடிதம் அம்மா," என்றார். "காய்ச்சல் வந்தா எழுதறதுக்கு."

"ஆமா. காய்ச்சல்னு எழுதினா லீவு தருவீங்கன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு." மரகதம்மாள் பிள்ளையிடம் குனிந்தார். "ஏம்மா, கடல் பாக்கப் போறோம்னு எழுதியிருக்கலாமே?"

கவிநிலா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"அத எப்படி எழுதறதுன்னு சார் இன்னும் நடத்தலைங்க."

வெளியே மாதையன் இருமுவது கேட்டது.

பூவராகன் சட்டைப் பையிலிருந்த உத்தரவை எடுத்தார். பிரித்துப் பார்க்காமலே இரண்டாகக் கிழித்தார், நான்காகவும் கிழித்தார்.

"வகுப்புக்குப் போ," என்றார். பிள்ளை ஓடிவிட்டாள்.

அவர் கிழித்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"தப்பு என்னுதுதாம்மா. நாளைக்கே புதுக் கடிதம் ஒண்ணு போர்டுல எழுதிப் போடறேன். குடும்பத்தோட ஊருக்குப் போகணும், விடுப்பு வேணும்னு. மூணு தடவை எழுத வைக்கிறேன். அது போதுமா?"

"பிள்ளைங்க நல்லா எழுதிடுவாங்க ஐயா," என்றார் மரகதம்மாள். "அதுக்கு நீங்க எழுதப்போற பதிலையும் கீழேயே எழுதிப் போடுங்க."

பூவராகன் பென்சிலை எடுத்துக் கடிதத்தின் கீழே 'விடுப்பு' என்று எழுதினார். அளிப்பதா மறுப்பதா என்று தெரியாமல் பென்சிலைக் கீழே வைத்தார்.