முழிக்க மறுத்த டேப்

குருவும் சீடரும்னு நான் வாயத் தொறந்ததும் நீங்க ஒரு ஆலமரத்தடியில போய் உக்காந்துட்டீங்க. தெரியுது. அங்க ஒரு வெள்ளைத் தாடி கண்ண மூடியிருக்கணும். எதுக்க மீசை அரும்பாத ஒருத்தன் "சுவாமி, பிரம்மம் என்றால் யாது?"ன்னு கேக்கணும். தாடி ஒரு தடவை இருமணும். எழுந்து வாங்க. அங்க யாரும் இல்ல.

இங்க குருவுக்குத் தாடி கெடையாது. பொம்பள. தவமணியம்மா, நாப்பத்திமூணு வயசு. உடுமலைக்குத் தெக்கால, தென்னந்தோப்புக்கு நடுவுல ஒரு தகரக் கொட்டாய். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்க சோறு போடுவாங்க. வந்தவங்க ஏதாவது கேட்டா ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க. பல நாள் அந்த ரெண்டும் வராது.

சீடர் மகுடபதி. அறுபத்திமூணு. கரண்ட் ஆபீஸ்ல இஞ்சினியரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அந்தப் பௌர்ணமி காலைல அவரு கேட்ட கேள்வியில பிரம்மம் இல்ல.

"அம்மா, இந்த டேப்பு ஏனுங்க முழிக்க மாட்டேங்குது?"

அம்மா கொப்பரையில கொதிக்கிற சாம்பாரக் கிண்டிக்கிட்டு இருந்தாங்க. "எப்பத் தூங்கப் போச்சுங்கண்ணா?"

"நேத்து ராத்திரி ஒம்பதே காலுக்கு."

மணி, நிமிஷத்தோட சொல்லுவாரு. முப்பத்தஞ்சு வருஷம் எந்த லைன் எப்பப் போச்சு, எப்ப வந்துச்சுன்னு எழுதின கை.

டேப்புன்னா பாட்டு கேக்கற டேப்பு இல்ல, விரலால தடவுற டேப்லட்டு. அதுக்குள்ளதான் பதினோரு வருஷம் இருந்துச்சு. அம்மாகிட்ட யாரு என்ன கேட்டாங்க, அம்மா என்ன சொன்னாங்க, எல்லாம். முன்னூத்திப் பன்னெண்டு பக்கம். பேரு கூட வச்சாச்சு, 'திருவாக்கு'. வேற எங்கயும் ஒரு காப்பி இல்ல. நெட்டுல ஏத்தி வையுங்கன்னு எத்தனையோ பேரு சொன்னாங்க. நம்மூர் கரண்ட்டயே நம்பாத மனுசன் நெட்ட எங்க நம்பறது?

பதினோரு மணிக்குப் பொள்ளாச்சியில இருந்து அச்சாபீஸ்காரரு வந்து ஃபைல வாங்கிக்கிறதா ஏற்பாடு. நாளான்னைக்குக் கோயமுத்தூர்ல மகுடபதிக்கு நெஞ்சத் தொறந்து ஆப்பரேசன். தொறந்தத மூடுவாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனாலும் புஸ்தகம் இன்னைக்கே போயிரணும். அதுல அவரு ஒரே புடியா இருந்தாரு.

காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சுட்டாரு. பட்டன அமுக்குனா டேப்பு ஒரு வெட்டு வெட்டி முழிக்கும், உடனே மூடிக்கும். மறுபடி அமுக்குனா அதுவும் இல்ல. கல்லு மாதிரி கெடக்கும். சார்ஜ் போட்டாரு. ஒயர மாத்துனாரு. பிளக்குல கரண்ட் வருதான்னு டெஸ்டர் வச்சுப் பாத்தாரு. ஓட்டையில தூசி இருக்கும்னு பல்லு குத்துற குச்சியால நோண்டுனாரு. ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதிக்கிட்டாரு. 'ஆறு இருவது, சார்ஜர் மாற்றப்பட்டது, பலன் இல்லை.'

அப்புறம் பட்டனையும் சத்தம் கூட்டுற பட்டனையும் சேத்து அமுக்கிப் புடிச்சுக்கிட்டு முப்பது வரைக்கும் எண்ணுனாரு. கம்பெனி பேரு வந்துச்சு. சீடர் மூஞ்சியும் வெளிச்சமாச்சு. பேரு போச்சு. மூஞ்சியும் போச்சு.

அடுப்பங்கரையில அவரைக்கா கிள்ளிக்கிட்டு இருந்த பூவாத்தா கேட்டா, "ஏனுங்க இஞ்சினியரே, அதுக்கு ஒரு கை தண்ணி தெளிச்சுப் பாத்தீங்களா?"

"நீ பேசாம காயக் கிள்ளு பூவாத்தா."

எட்டரைக்கு உடுமலை சர்வீஸ் கடைக்குப் போன் போட்டாரு. கடைக்காரர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "நேத்துல இருந்து புதுசா ஏதாவது மாத்துனீங்களா சார்?"ன்னாரு.

"ஒண்ணும் மாத்தலைங்க."

"அப்ப ரீசெட் அடிச்சிருங்க சார். முழிச்சுக்கும்."

"உள்ள இருக்கறது?"

"அது போயிரும் சார்."

"அப்ப வேண்டாம்"னு போன வச்சுட்டு நோட்ட எடுத்தாரு. 'எட்டு முப்பத்தெட்டு, நிராகரிக்கப்பட்டது.' மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு.

இப்பிடியே பத்தே முக்கால் ஆச்சு. விரல் நுனி செவந்து போச்சு. அச்சாபீஸ்காரரு கதிர்வேலும் வந்து, செருப்பக் கழட்டிட்டு, எங்க உக்காரலாம்னு பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பத்தான் மகுடபதி டேப்ப நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அம்மாகிட்ட வந்து அந்தக் கேள்வியக் கேட்டது.

அம்மா கரண்டிய வச்சாங்க. "என்னென்ன செஞ்சீங்க?"

அவரு நோட்டப் புரட்டிப் படிச்சாரு. பதினேழு அயிட்டம்.

"இன்னும் விடலையாண்ணா?"

"விடமாட்டனுங்கம்மா."

அம்மா அடுப்பப் பாத்தாங்க. சாம்பார் பொங்கி விளிம்புக்கு வந்துருச்சு. "பூவாத்தா, புடிதுணி எங்க?"

"தொவைச்சுக் காயப் போட்டிருக்குங்கம்மா."

அம்மா கைய நீட்டுனாங்க. மகுடபதி டேப்பக் குடுத்தாரு. குருவோட கை பட்டாலாவது முழிக்கும்னு ஒரு ஆசை.

அதுக்கு ஒரு காவித் துணி உறை போட்டிருந்துச்சு. மொத நாள் சாயங்காலம் மகுடபதியே தைக்கச் சொல்லி வாங்கிட்டு வந்து, ராத்திரி போட்டது. அச்சுக்குப் போற நாளு, வெறும் ஒடம்போட எப்பிடி அனுப்பறது? சாமிக்கு வஸ்திரம் சாத்துற மாதிரி சாத்தி, நாலு மூலையிலயும் நூல் போட்டு இறுக்கி, வாய மூட லேடீஸ் பேக்குல வர்ற மாதிரி ஒரு காந்தப் பட்டனும் வச்சிருந்தாரு. பதினேழு வேலையும் அந்த வஸ்திரத்தோடயேதான் நடந்துச்சு. வாய் மூடுற மடிப்பப் பின்னால தள்ளி விட்டுக்கிட்டாரே ஒழிய, சாத்துனதக் கழட்ட அவருக்கு மனசு வரல.

அம்மாவுக்கு வந்துச்சு. காய் அரியற கத்தியால நாலு நூலையும் அறுத்தாங்க. டேப்ப உருவி அரிசி மூட்டை மேல வச்சாங்க. உறைய ரெண்டா மடிச்சு, கொப்பரையோட காதப் புடிச்சாங்க. "கதிர்வேலு, அந்தப் பக்கம் ஒரு கை போடுங்க." அச்சாபீஸ்காரரு தோள்ல கெடந்த துண்ட எடுத்து மறுகாதப் புடிச்சாரு. கொப்பரை எறங்குச்சு.

மகுடபதி அப்பிடியே நின்னாரு. வஸ்திரம் பூரா சாம்பார்.

மூட்டை மேல கெடந்த டேப்ப எடுத்து, பழக்க தோஷத்துல பட்டன அமுக்குனாரு. முழிச்சுது. முழிச்சே இருந்துச்சு.

அவரு ஆடல, பாடல. ஈர உறையில இருந்த காந்தப் பட்டனப் பிடிச்சு டேப்போட ஓரத்துக்குக் கொண்டு போனாரு. இருட்டுச்சு. எடுத்தாரு. அமுக்குனாரு. வெளிச்சம். மறுபடி வச்சாரு. இருட்டு. மூடி போட்டாத் தூங்கற சாதி டேப்பு. காந்தத்தக் கண்டா மூடின்னு நெனைச்சுக்கும். மூணு தடவை சோதிச்சுட்டுத்தான் நோட்டுல எழுதுனாரு.

"எப்பிடிங்கம்மா கண்டுபுடிச்சீங்க?"

"நான் எதையும் கண்டுபுடிக்கலைங்கண்ணா. கொப்பரை சுட்டுச்சு."

அதையும் எழுதிக்கிட்டாரு.

கதிர்வேலு கையத் தொடைச்சுக்கிட்டு வந்தாரு. "சாரு, ஃபைல் நல்லா இருக்குதான்னு ஒரு பக்கம் தொறந்து பாத்துக்கலாமுங்க. அங்க போய் எழுத்து ஒடைஞ்சு கெடந்தா கஷ்டம்."

"கடைசிப் பக்கம் பாக்கறேன்."

தொறந்தாரு. எழுத்து ஒண்ணும் ஒடையல. தொண்டையச் செருமிக்கிட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சாரு. ஸ்கேன் ரிசல்ட்டு வந்த அன்னைக்கு, போன திங்கக்கெழமை, அவரே கேட்டது.

"சீடர் வினவினார்: அம்மா, அறுவை சிகிச்சையை நினைத்தால் எனக்கு அச்சமாக உள்ளது. நான் என்ன செய்ய வேண்டும்? அம்மா அருளினார்: அச்சம் என்பது அறியாமையின் நிழல். உடல் உனதன்று என்று உணர்ந்தவனுக்கு ஊசி ஏது, கத்தி ஏது? உள்ளே விழித்திரு. ஒளி தானே வரும்."

"ஆகா," ன்னாரு கதிர்வேலு. "இதையே அட்டையில போட்டுறலாமுங்க."

மகுடபதி அம்மாவப் பாத்தாரு. பதினோரு வருஷத்துல மொத தடவையா அவங்க முன்னால படிச்சுக் காட்டியிருக்காரு.

அம்மா கையில இருந்த சாம்பாரத் தண்ணியில கழுவுனாங்க. "நல்லா இருக்குதுங்கண்ணா," ன்னாங்க.

"அம்மா எங்கீங்க இதச் சொன்னாங்க?"

பூவாத்தா. காயக் கிள்ளுறத நிறுத்தியிருந்தா.

"அன்னைக்கு நான் இங்கயேதான உக்காந்திருந்தேன். நீங்க பயமா இருக்குதுன்னீங்க. அம்மா ஒரு வார்த்தை பேசல. உங்க கையப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. நீங்கதான கைய உருவிக்கிட்டு இந்த டேப்ப எடுக்கப் போனீங்க."