நெத்தி லைட்டு

ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும். நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுத்து.

எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டம் அதிகம். மொட்டு விரியும் முன்னே பறித்துவிட வேண்டும். அதனால் பெண்கள் விடியுமுன் மூன்றரை மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பறிக்க இரண்டு கையும் வேண்டுமே, அதற்காக நெற்றியில் வாரைப் போட்டு ஒரு லைட்டைக் கட்டிக்கொள்வார்கள். நெத்தி லைட்டு என்போம். வீட்டிலேயே அதைக் கட்டிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவது. அதுதான் நெற்றியில் இருக்கிறதே, சைக்கிளுக்கு வேறு தனியாக எதற்கு என்று யாரும் வாங்கியதில்லை.

அங்கம்மாள் அப்படிப் பூப்பறிக்கப் போகிறவர். வயது ஐம்பது. அவருடைய குரு அவரைவிட இருபது வயது சின்னவர். ஊருக்கு வெளியே சின்ன மடம். எல்லோரும் தாயி என்று கூப்பிடுவார்கள். தாயி தன் சீடரை அக்கா என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் அங்கம்மாள் மடத்துக்கு வந்தார். கும்பிடவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நாலு நாளைக்கு முன்னால் நடந்ததைச் சொன்னார். அவர் முன்னாலும் மருமகள் வீரலட்சுமி பின்னாலுமாகச் சைக்கிளில் போயிருக்கிறார்கள். எதிரே ஒரு பூ வேன் முழு வெளிச்சத்தையும் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அங்கம்மாளைத் தாண்டியதும் வேன் தடம் மாறிக் குறுக்கே வந்து, வீரலட்சுமியை இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டது. நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து கிடக்கிறாள். கைப்பிள்ளையைத் தூக்க முடியாமல், பக்கத்தில் போடச் சொல்லிப் பால் கொடுக்கிறாள்.

எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இறங்கி ஒரு பார்வை பார்க்க நேரமில்லாத அவசரமா பூவுக்கு?

நாளையிலிருந்து அங்கம்மாள் மறுபடி அதே ரோட்டில் போகவேண்டும். சைக்கிள் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் மூன்று லைட்டு காட்டினாராம். ஒன்று ஹேண்டில்பாரில் மாட்டுவது. அதன் வெளிச்சம் முன் சக்கரத்துக்கு முன்னால் தரையிலேயே கிடந்ததாம், சோற்றுக்கு அழுகிற பூனை மாதிரி. இன்னொன்று சிவப்பாகப் பின்னால் மாட்டுவது. முதுகுக்கு எதுக்குய்யா விளக்கு என்று கேட்டுவிட்டு மூன்றாவதை எடுத்திருக்கிறார். அது நெற்றியில் கட்டுவதுதான், ஆனால் பெரியது. தென்னை மரத்து உச்சிக் குரும்பையை எண்ணலாம் என்றாராம் கடைக்காரர். பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்று வாங்கி, கட்டிக்கொண்டே வந்திருந்தார்.

"இதை வாங்கட்டுமா தாயி? நாளைக்கு அவன் வரட்டும். கண்ணு அவிஞ்சு போகணும் அவனுக்கு."

தாயிக்கும் கோபம் வந்தது. நிற்காமல் போனவனைப் பற்றி அவர் பேசிய பேச்சை அந்த மடத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் அதை எழுத மாட்டேன். காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம், நானும் வருகிறேன் என்றார் தாயி. பிறகு, நன்றாக இருட்டட்டும் என்று காத்திருந்து, சைக்கிளை எடுக்கச் சொன்னார்.

மடத்து வாசலிலிருந்து கிணறு வரைக்கும் ஒரு மண் பாதை. இரண்டு பக்கமும் முள்வேலி. தாயி மடத்துச் சைக்கிளை லைட்டு இல்லாமலே மிதித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அங்கம்மாள் வாசலிலிருந்து வரவேண்டும், தாயி எதிரே வருவார். அவரவர் இடது பக்கம். அவ்வளவுதான் சொன்னது.

அங்கம்மாள் கிளம்பினார். பாதை பட்டப்பகலாகத் தெரிந்தது. எறும்பு ஊர்வதுகூடத் தெரியுது தாயி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பக்கத்தில் வந்ததும் தாயி சத்தமாகச் சொன்னார்.

"வேன்காரன் என்ன பண்ணுவான் அக்கா? உங்க மருமகளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியல."

அங்கம்மாளின் தலை வெடுக்கென்று திரும்பியது. லைட்டும் கூடவே திரும்பியது. தாயி முகம் முழுக்க வெள்ளை. அவருடைய சைக்கிள் தடுமாறி, அங்கம்மாளைத் தாண்டி, அவர் முதுகுக்குப் பின்னால் பாதையின் குறுக்கே பாய்ந்து, அந்தப் பக்கத்து வேலியில் போய் விழுந்தது.

அங்கம்மாள் ஓடிப்போய்த் தூக்கினார். தூக்கும்போதே சண்டை. குருவாக இருந்தாலும் ஒரு பேச்சு இருக்கிறது இல்லையா, ஒன்பதாவது படிக்கும்போதிருந்து சைக்கிள் ஓட்டுகிறவளைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்.

"சொல்லக் கூடாதுதான்," என்றார் தாயி. உள்ளங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "எனக்குக் கண்ணு தெரியல அக்கா. எந்தப் பக்கம் போறேன்னே தெரியல."

அங்கம்மாள் முள்ளை எடுக்கக் குனிந்தார்.

"அன்னைக்கு வேன் வந்தப்போ நீங்க எங்க பார்த்தீங்க?" என்று கேட்டார் தாயி.

"எங்க பார்ப்பேன்? கண்ணுலயே அடிச்சுக்கிட்டு வந்தான். எவன்டா இவன்னு அவன் மூஞ்சியத்தான்..."

அங்கம்மாளின் கை நெற்றிக்குப் போனது. வெகு நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"அப்ப என் மருமகளை நான்தான் தள்ளிவிட்டேனா? நிக்காமப் போனவன் நல்லவனா?"

"நிக்காமப் போனவனை நான் விடப் போறதில்ல," என்றார் தாயி. அவருக்கும் குரல் ஏறியிருந்தது. "அவன் வெளிச்சத்தைத் தணிச்சிருக்கணும். இறங்கியிருக்கணும். அதைக் காலையில ஸ்டேஷன்ல பேசிக்கலாம். நீங்க இங்க கேட்டது லைட்டு."

"எனக்கு எந்த லைட்டும் வேணாம்."

"நாளைக்கும் இருட்டாத்தான இருக்கும்?"

அங்கம்மாள் மூக்கைச் சிந்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப எதைத்தான் வாங்கட்டும்?"

"உங்களுக்குக் கோபம் வந்தாலும் திரும்பாதது."

அங்கம்மாள் வாரை அவிழ்த்து, அந்தப் பெரிய லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் தன் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தடவிப் பார்த்து... கீழ்வீட்டு அக்கா குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று கூப்பிடுகிறார், நான் குடத்தை