கெழுத்தியின் சாட்சி

சங்குமேட்டுக் கரையில் கடல்நீரிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து எரிபொருளாக்கும் ஆலை இருந்தது. மின்சாரம் பாய்ச்சி நீரை அமிலமாக்கிப் புளிக்க வைத்தால் வாயு பிரிந்துவிடும். பிறகு புளிப்பை முறித்துத்தான் நீரைக் கடலில் விட வேண்டும். முறிக்கிற இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. மேலாளர் தயாபரனோ உலகத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் இருந்ததால் ஆலையை நிறுத்தவில்லை. கரையெங்கும் மீன் செத்து ஒதுங்கியது. மீனவர் சங்கத்தார் நாங்கள் கொடுத்த துண்டறிக்கையில் அவர் கை துடைத்துக்கொண்டார்.

ஒருநாள் கலெக்டர் விசாரிக்க வந்தார்.

"எங்கள் நீரால்தான் சாகிறதென்று மீன் வந்து சாட்சி சொல்லட்டும், இன்றே ஆலையை நிறுத்துகிறேன்" என்றார் தயாபரன்.

எங்கள் கூட்டத்தில் மீன் விற்கும் சூசையம்மாள் போய், வாளியில் ஓர் உயிர்க் கெழுத்தி மீனோடு வந்தாள்.

"இது பேசுமா?" என்றார் தயாபரன்.

"பேசும் சார். வாளித்தண்ணி வெயில்ல சுட்டுப்போச்சு, மயங்கிக் கெடக்கு. ஒங்க தண்ணியில விட்டா தெளிஞ்சிரும்" என்று ஆலை நீர் வெளியேறும் தொட்டியில் வாளியைச் சாய்க்கப் போனாள்.

கலெக்டர் பார்க்கக் குனிந்தார். தயாபரன் பதறி வாளியைப் பிடித்தார். "அதுல விடாதேம்மா, செத்துப்போகும்."

சூசையம்மாள் கலெக்டரிடம் திரும்பினாள். "என் சாட்சி வாயத் தொறக்கதுக்குள்ள சார் முந்திக்கிட்டாரு ஐயா."

அன்றே ஆலை நின்றது. திரும்பும் வழியில் அவள் தங்கை கேட்டாள்: "யக்கா, கெழுத்தியக் கொழம்பு வச்சிருவமா?"

"சும்மா கெடட்டி. ஆலைய மறுபடி ஓட்டுவாங்க. அதுவரைக்கும் சாட்சியக் கலைக்கக் கூடாது."