ஊசி மூட்டை வழக்கு

குளத்தங்கரையில் ஒரு நாள் காலை யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு காலடித் தடம் இருந்தது.

சிங்கராஜா அதை முகர்ந்து பார்த்தது. ஒன்றும் புரியவில்லை. நரி சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு, "சிறுத்தை" என்றது. நரிதான் அந்தக் காட்டின் அரசு வக்கீல். வக்கீல் சொன்ன பிறகு அது சிறுத்தைதான்.

மறுநாளே ஆணை வந்தது. காட்டின் பாதுகாப்புக்காக, தேவைப்படும் வளைகளிலும் பொந்துகளிலும் மைனாக்கள் ஒளிந்திருக்கும். கேட்டதைக் கேட்டபடி வந்து சொல்லும். எது தேவை என்று அரசே முடிவு செய்யும். எந்த மைனா எங்கே இருக்கிறது என்பது அரச ரகசியம்.

அந்தக் காட்டு மைனாக்கள் ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே எடுத்துவிடும். இருமினால் இருமலும் வரும். யானை ஏப்பம் விட்டால் ஏப்பமும் வரும், அதே நீளத்துக்கு.

முயல்கள் கூடிப் பேசின. நாம் என்ன தப்பா செய்கிறோம், கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்து புல் மேயப் போய்விட்டன.

குளத்துக்குத் தெற்கே ஒரு வளையில் வடிவு என்ற முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். முள்ளம்பன்றிகளுக்கு எலும்பைக் கடிக்கும் பழக்கம் உண்டு. ஒரு நாள் குட்டிகள் கடிக்க மாட்டோம் என்று அடம்பிடித்தன. வடிவு சொன்னது:

"எலும்பைக் கடிச்சாத்தான் பல்லு உறுதியா நிக்கும். ராஜாவைப் பாருங்க, முன்பல்லு ஆடுது. கறியை நசுக்கித் தரச் சொல்றாராம்."

சொன்னது வளைக்குள். கேட்டது இரண்டு குட்டிகள். அப்படித்தான் வடிவு நினைத்தது.

மறுநாள் தண்ணீர் குடிக்கப் போனால், குளக்கரையில் காட்டெருமை வழி மறித்தது. வடிவும் அதன் குட்டிகளும் கோடை முடியும்வரை குளத்தில் வாய் வைக்கக் கூடாது. குற்றம், ராஜாவின் பல்லைப் பற்றிப் பேசியது.

பக்கத்து ஓடை ஒரு நாள் நடை தூரம். குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வடிவு கிழங்கைத் தோண்டி, மென்று, அந்தச் சாற்றைக் குட்டிகளின் வாயில் விட்டது. கிழங்கும் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டு வந்தது.

வடிவு வழக்குப் போட்டது.

நாவல் மரத்தடியில் நீதிமன்றம். நீதிபதி ஆமை. டவாலி தவளை. டவாலியின் வேலை, வழக்காடுபவரின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவது.

"வடிவு! வடிவு! வடிவு!" என்றது தவளை.

"வடிவு!" என்றது மரத்தின் மேலிருந்து இன்னொரு தவளை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே தவளை இல்லை, ஒரு மைனாதான் இருந்தது. அரசுத் தரப்புக்குக் குறிப்பெடுக்க வந்த மைனா. நரி அதைப் பார்த்து முறைத்தது.

நரி வாதாடியது. முள்ளம்பன்றியின் வளையில் மைனா இருந்தது என்று அரசு சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இருந்ததாக வடிவு காட்டினால்தான் வழக்கு. காட்ட வேண்டுமானால் பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியல் அரச ரகசியம்.

அப்படியானால் நான் வளைக்குள் பேசியது ராஜாவுக்கு எப்படித் தெரிந்தது என்று வடிவு கேட்டது.

"காற்றுவாக்கில் வந்தது" என்றது நரி.

ஆமை, "யோசிக்கிறேன்" என்று சொல்லித் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, வாய்தா கொடுத்தது.

அடுத்த தடவையும் நரி அதையே சொன்னது. ஆமை அதையே செய்தது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. குளம் பாதியாக வற்றியது. வடிவின் சின்னக் குட்டி எழுந்து நிற்பதை விட்டுவிட்டது.

ஆனால் வடிவு ஒன்றைக் கவனித்திருந்தது. தவளை மூன்று தடவை கூப்பிட்டால் நான்காவது தடவை அந்த மைனா கூப்பிடாமல் இருந்ததே இல்லை. நரி எத்தனை முறைத்தும் பயன் இல்லை. தொடங்கி வைத்தால், மிச்சம் அதன் வாயிலிருந்து தானாக வந்துவிடுகிறது.

நான்காவது வாய்தா. அன்று சிங்கராஜாவும் வந்து உட்கார்ந்திருந்தது. நரி தன் வாதத்தை முடித்ததும் வடிவு எழுந்தது. சாட்சி இருக்கிறது, ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றது. ஆமை தலையசைத்தது.

வடிவு முதுகு முட்களைச் சிலிர்த்து, சலசலவென்று இரண்டு தடவை உலுக்கியது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டது:

"உள்ளே யாரு?"

மரத்தின் மேலிருந்து ஒரு குட்டியின் கீச்சுக்குரல் வந்தது: "ஊசி மூட்டை ஒண்ணு!"

உடனே இன்னொரு குட்டிக்குரல், கொஞ்சம் மழலையாக: "ஊசி மூட்டை லெண்டு! கிழங்கு கொண்டாந்தியாம்மா?"

மைனா அலகை இறுக்கி மூடிக்கொண்டது. மூடி என்ன செய்வது.

வடிவு ஆமையைப் பார்த்துச் சொன்னது: "ஐயா, வெளியே போயிட்டு வந்தா நான் இப்படித்தான் கேட்பேன். இந்தப் பதில் வந்தாத்தான் உள்ளே போவேன். என் பிள்ளைங்க இதை எங்க வளைக்கு வெளியே ஒரு நாளும் சொன்னதில்லை. காற்றுவாக்கில் வந்திருந்தா, காற்றுக்கு மழலை வருமா?"

யாரோ சிரித்தார்கள். நரி சிரிக்கவில்லை. ஆனால் நரி லேசுப்பட்ட வக்கீலும் இல்லை. ஒரு நொடியில் வேறு பக்கம் திரும்பியது.

சரி, மைனா இருந்தது என்றே வைத்துக்கொள்வோம் என்றது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? காடு பத்திரமாக இருக்கிறது. சிறுத்தை வரவில்லை.

"மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு மைனாவைக் கண்டு என்ன பயம், ஐயா?"

ஆமைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அதனிடமும் மறைக்க ஒன்றும் இல்லை. "யோசிக்கிறேன்" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்தச் சொல்லைக் கேட்டதும் மைனாவின் தொண்டை துடித்தது. கால் மாற்றி நின்றது. இறக்கையால் வாயைப் பொத்தியது. பலிக்கவில்லை. வந்துவிட்டது.

"யோசிக்கிறேன்" என்றது மைனா, ஆமையின் குரலில். பிறகு கொர்ர்ர் என்று ஒரு குறட்டை. நீண்ட குறட்டை. பிறகு தூக்கக் கலக்கத்தில் ஒரு முனகல்: "இந்த நரிக்கு எப்பத்தான் வாய் வலிக்கும், சாமி."



ஆமையின் தலை மெதுவாக வெளியே வந்தது. அது இவ்வளவு நாளும் தன் ஓட்டைத் தன் வீடு என்று நினைத்திருந்தது. முட்டையிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான்.

"என் ஓட்டுக்கு மேலே மைனா உட்காரலாம் என்று யார் சொன்னது?"

தேவைப்படும் இடங்களில் என்று ஆணையில் இருக்கிறது என்று நரி மெல்லச் சொன்னது.

"ஓகோ. அப்படியானால் வக்கீல் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். நீங்கள் ராஜாவைப் பற்றி உங்கள் மனைவியிடம் என்ன பேசினீர்கள் என்று இந்த மைனாவைக் கேட்டுவிடலாமா? உங்களிடம்தான் மறைக்க ஒன்றும் இல்லையே."

நரி ராஜாவைப் பார்த்தது. மைனாவைப் பார்த்தது. மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஐயா," என்றது நரி, "ஒரு வாய்தா வேண்டும்."

"கிடையாது" என்றது ஆமை. அதன் ஆயுளில் அது வாய்தா மறுத்தது அதுதான் முதல் தடவை.

தீர்ப்பு அங்கேயே வந்தது. இனி மைனா ஒரு வளைக்குள் போக வேண்டுமானால், யார் வளை, என்ன காரணம், எத்தனை நாள் என்று முதலில் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். பட்டியலை நீதிமன்றம் பார்க்கும். வளைக்குள் தாய் பிள்ளையிடம் பேசியது குற்றம் ஆகாது. வடிவின் மேல் போட்ட தடை இந்த நொடியோடு செல்லாது.

சிங்கராஜா கோபத்தோடு எழுந்தது. தீர்ப்பை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. கர்ஜனை வந்தது. கூடவே முன்பல்லும் வந்து, தவளையின் முன்னால் டொக்கென்று விழுந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். ராஜா வாயை மூடிக்கொண்டது. மூடிய வாயால் தீர்ப்பை மறுக்க முடியாது. திரும்பிக் குகைக்குப் போய்விட்டது.

வடிவு எதற்கும் நிற்கவில்லை. வளைக்கு ஓடி, சின்னக் குட்டியைப் பின்னாலிருந்து தள்ளித் தள்ளியே குளத்துக்குக் கூட்டி வந்தது. பெரிய குட்டி தானே நடந்து வந்தது. காட்டெருமை வழி விட்டது. மூன்றும் குனிந்து குடித்தன. அந்தச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

கரையில் சேறு இறங்கிய இடத்தில், சிறுத்தை என்று நரி சொன்ன அந்தப் பழைய தடம் காய்ந்து கிடந்தது. பெரிய குட்டி அதில் தன் பின்னங்காலை வைத்துப் பார்த்தது. அளவு சரியாக இருந்தது. இவர்கள் போனதும் முயல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் வளைகளுக்குப் போய், கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தன.

அடுத்தவர் வீட்டுக்குள் காரணம் சொல்லாமல் காது வைக்க ஓர் அரசை விட்டுவிட்டால், அந்தக் காது ஒரு நாள் நம் வீட்டுக்கும் வரும். அதனால் முதல் வீட்டிலேயே கேள்வி கேட்க வேண்டும்.