நூற்று நாற்பது வண்டிகள்

பேராசிரியை ரெஜினாவுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் ஆய்வு செய்யும் மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு. மாசிலாமணி சாலைத் துறையில் பொறியாளர். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார்.

அவருடைய ஆய்வின் கேள்வி ஒன்றுதான். பழுதான சாலைகளில் எதை முதலில் சரிசெய்வது? அதற்கு ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். சாலை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண். ஒரு நாளில் எத்தனை வண்டிகள் போகின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் பெருக்கினால் வரிசை வந்துவிடும். அந்த வரிசைப்படியே வேலை நடக்கட்டும் என்று அவருடைய அலுவலகமும் சொல்லிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பட்டியலோடு வந்தார்.

"இன்னிக்குச் சாயங்காலம் அனுப்பணும் மேடம். ஒரே ஒரு இடம்தான் உறுத்துது."

"எது?"

"கல்லேரிப்பட்டு ரோடு. ஒன்பது கிலோமீட்டர். நாப்பத்தோரு ரோட்டுல அதுதான் ரொம்ப மோசம். ஆனா சூத்திரம் அதைக் கடைசிக்குத் தள்ளிடுச்சு. இந்தத் தடவை விட்டா அஞ்சு வருஷத்துக்கு யாரும் தொட மாட்டாங்க."

"ஏன் தள்ளுச்சு?"

"போக்குவரத்தே இல்ல. மூணு நாள் ஆள் உக்கார வச்சு எண்ணினேன். ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது வண்டி. ஊர்க்காரங்க நாலு மனு குடுத்துட்டாங்க. நான் மனுவை நம்புறதா, எண்ணிக்கையை நம்புறதா?"

ரெஜினா பட்டியலை இரண்டு முறை படித்தார். பெருக்கலில் தவறு இல்லை.

"கல்லேரிப்பட்டுக்குப் போயிட்டு வரலாமா சார்?"

"இப்பவா?"

"ஜீப்புலதான வந்தீங்க?"

மாசிலாமணியே ஓட்டினார். வழியெல்லாம் சூத்திரத்தை விளக்கிக்கொண்டே வந்தார். கூட்டு ரோட்டில் கல்லேரிப்பட்டு என்ற பலகை இடது பக்கம் காட்டியது. பேச்சை நிறுத்தாமல் அவர் வலது பக்கம் திரும்பினார். ரெஜினா பலகையைத் திரும்பிப் பார்த்தார். அந்த வழி ஏரியைச் சுற்றிக்கொண்டு இருபத்து மூன்று கிலோமீட்டர்.

ஊர் முனையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த செங்கமலம், ஜீப்பில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ரோட்டாபீஸா? நாலு மனுவையும் படிச்சிட்டீங்களா, இல்ல அஞ்சாவது எழுதணுமா?"

"படிச்சோம்மா," என்றார் மாசிலாமணி. "ஆனா இந்த ரோட்டுல வண்டியே வர்றதில்லையே."

"எப்படி வரும்? எங்க வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். ஆட்டோக்காரரு ஏரிய சுத்தித்தான் வருவேங்கிறாரு. அந்தப் பள்ளத்துல அவரு வண்டிய விடச் சொல்ல முடியுமா? போய்ச் சேர்றதுக்குள்ள இவரு துவண்டு போயிடறாரு." ஜீப்பை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்தப் பக்கமா வந்தீங்க சார்?"

மாசிலாமணியின் கண் ஏரிப் பக்கம் போனது.

செங்கமலம் சிரித்துவிட்டாள். "சரி, தண்ணி தரேன், குடிங்க. அவ்ளோ தூரம் சுத்தி வந்திருக்கீங்க."

அவள் உள்ளே போனதும் மாசிலாமணி ஜீப்பின் முன்பக்கத்தில் பட்டியலை விரித்தார்.

"மேடம், வராத வண்டியை எப்படி எண்ணுறது?"

"முதல்ல வந்ததை எண்ணுங்க. இன்னிக்குத் தேதி போடுங்க. ஜீப் ஒண்ணுன்னு எழுதுங்க."

தேதியை எழுதினார். தாளில் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஏரி ரோட்டின் கட்டத்துக்குப் போன பேனா பாதியில் நின்றது.

"எந்த ரோட்டுக்கு நேரா எழுதுறது மேடம்?"

ரெஜினா கேட்டார்: "நாம எந்த ஊருக்குக் கிளம்பினோம் சார்?"