ஜெர்மன் மெத்தைக்குக் கை முளைத்தது

பொள்ளாச்சியில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் சகலமொழி மொழிபெயர்ப்பு நிலையம் என்று ஒன்று இருந்தது. அதில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேரின் புத்தியையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு சிட்டிகை தேறாது. ஆனால் நாணயம் என்று வந்துவிட்டால் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வம்பே அந்த நாணயத்தால்தான் வந்தது.

நிலையத்தின் தலைவன் சென்னியப்பன். தபால் வழியாக ஜெர்மன் படித்தவன். நிஜமாகவே படித்தவன். எந்த ஜெர்மன் வாக்கியத்தைக் கொடுத்தாலும் அகராதியைப் புரட்டி அர்த்தம் சொல்லிவிடுவான். அர்த்தம் தெரிந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவனுக்குப் பிடிபடாது. கூட இருந்தவர்கள் மயில்சாமியும் திருமூர்த்தியும். மயில்சாமி யோசனை சொல்வான், திருமூர்த்தி ஆமாம் போடுவான்.

மெத்தைக்கடை நாச்சிமுத்துவின் மகள் கோகிலவாணியைச் சென்னியப்பனுக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாச்சிமுத்து மட்டும் பிடி கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவரே ஒரு ஜெர்மன் மெத்தையையும் அதோடு வந்த விளம்பரத் தாளையும் ஆள் வைத்து மாடியேற்றினார்.

"தம்பி, ஊட்டி பங்களாக்காரங்க இங்கிலீஷ்ல தாள் இல்லாம மெத்தையத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்க. முந்தி ஒருத்தன் போட்டுக் குடுத்தான், படிச்சா பல்லு வலிக்குது. நீங்க போடறது இங்கிலீஷ்காரனே எழுதுன மாதிரி இருக்கோணும். இன்னொண்ணு, ஒரு வரிகூடப் பொய் இருக்கக்கூடாது. தாள்ல இருக்கறது மெத்தையிலயும் இருக்கோணும். சரியா வந்தா வைகாசியில கண்ணாலம். இல்லாட்டி நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்றார்.

சென்னியப்பன் கோகிலவாணி இல்லாத வைகாசியை ஒரு தடவை நினைத்துப் பார்த்தான், அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். ஆலோசனை ஆரம்பமாயிற்று.

"இங்கிலீஷ்காரன் எழுதுன மாதிரின்னாரு. அவன் எப்படிடா எழுதுவான்?"

மயில்சாமி மோவாயைச் சொறிந்தான். "நடுங்கிட்டே எழுதுவானுங்ணா. அங்க அத்தனை குளிரு."

"ஆமாங்ணா" என்றான் திருமூர்த்தி.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மூவரும் ஸ்வெட்டர் போட்டார்கள், மப்ளர் சுற்றினார்கள், குரங்குக் குல்லாய் மாட்டினார்கள். அப்படியும் நடுக்கம் வரவில்லை. மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளங்களை வாங்கிவந்து ஆளுக்கு ஒன்றில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐஸ் உருகி, தளத்தின் விரிசல் வழியாக இறங்கி, கீழே யூரியா மூட்டைமேல் சொட்டியது. உரக்கடைக்காரர் மேலே ஓடிவந்து கத்தினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றான் சென்னியப்பன் பல் கிடுகிடுக்க. "குளிர்காலம் முடிஞ்சா தானா நின்னுரும்."

அவர் மூவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நடுக்கம் வந்ததும் வேலையைத் தொடங்கினார்கள். தாளின் முதல் வரி இப்படிச் சொன்னது: இந்த மெத்தை உங்களைத் தன் கைகளில் ஏந்திக்கொள்ளும்.

மூவரும் எழுந்து மெத்தையைச் சுற்றி வந்தார்கள். புரட்டிப் பார்த்தார்கள். தையலைப் பிரித்து உள்ளே தோள்வரை கையை விட்டுத் துழாவினார்கள். பஞ்சு இருந்தது, ஸ்பிரிங் இருந்தது. கை இல்லை.

"வர்ற வழியில கப்பல்ல கழண்டு விழுந்திருக்குமுங்க" என்றான் மயில்சாமி.

"இப்ப இந்த வரிய எழுதுனா பொய்யாயிருமே" என்றான் சென்னியப்பன். "எழுதாம விட்டா ஜெர்மன்காரனை ஏமாத்துன பாவம். என்னடா பண்றது?"

மயில்சாமி வெகுநேரம் யோசித்தான். "அண்ணா, தாள் கம்பெனிக்காரன் எழுதுனது, அதத் தொடக்கூடாது. பொய்யும் எழுதக்கூடாது. பாக்கி இருக்கறது மெத்தை ஒண்ணுதானுங்க. அத மாத்திப்போடலாம்."

இப்படி ஒரு யோசனை தனக்குத் தோன்றவில்லையே என்று சென்னியப்பன் உருகிப்போனான். ஒரு ஜவுளிக்கடையில் உடைந்து கிடந்த பெண் பொம்மையின் இரண்டு கைகளைக் கெஞ்சி வாங்கிவந்தார்கள். நகப்பூச்சும் வளையலுமாக இருந்த அந்தக் கைகளைக் கோணி ஊசியால் மெத்தையின் இரண்டு பக்கமும் தைத்தார்கள். வேலை முடிந்ததும் திருமூர்த்தி மெத்தைக்குக் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னான்.

அடுத்த வரி: இதில் படுத்தால் மர்மோட்டைப் போலத் தூங்குவீர்கள். மர்மோட் என்றால் மலைப் பொந்தில் தூங்கும் ஓர் அணில் இனம் என்றது அகராதி. அணில் எப்படித் தூங்குகிறது என்று பார்த்துவரத் திருமூர்த்தியைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்கு அனுப்பினார்கள். அவன் குரங்குக் குல்லாயோடு மரமேறி உட்கார்ந்ததைப் பார்த்த தோப்புக்காரர் பட்டாசைக் கொளுத்திப் போட்டார். தொப்பென்று கீழே விழுந்தாலும் அவன் வெறுங்கையோடு வரவில்லை.

"அண்ணா, அணிலு தன் வாலெடுத்து மூஞ்சிமேல போத்திக்கிட்டுத் தூங்குதுங்க."

மூவரும் ஒருவர் பின்பக்கத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பங்களாக்காரர்களுக்கும் வால் இருக்க வழியில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. பொள்ளாச்சியில் தேங்காய் நாருக்கா பஞ்சம்? புசுபுசுவென்று ஒரு வால் முறுக்கி, படுப்பவர் இழுத்து முகத்தில் போர்த்திக்கொள்ள வாகாக மெத்தையின் கால்மாட்டில் தைத்துவிட்டார்கள்.

கடைசி வரி ஒன்றுதான் மிச்சம்: உங்கள் முதுகு உங்களுக்கு நன்றி சொல்லும்.

இதற்கு எதையும் தைக்க வேண்டியதில்லை, காது கொடுத்துக் கேட்டால் போதும் என்று மூவருக்கும் பரம சந்தோஷம். சென்னியப்பன் ஸ்வெட்டரையும் சட்டையையும் கழற்றிவிட்டு மெத்தையில் மல்லாந்து படுத்தான். முதுகுக்குப் போதுமான அவகாசம் கொடுத்தபின் குப்புறப் புரண்டான். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்தார்கள். உள்ளே கடமுடவென்று ஏதோ உருண்டது.

"சொல்லுச்சாடா?"

"என்னமோ சொல்லுதுங்ணா. ஆனா நமக்கு வெளங்குல."

"ஜெர்மன் மெத்தையில படுத்த முதுகு. ஜெர்மன்லதான் பேசும்" என்றான் மயில்சாமி.

"எனக்குத்தான் ஜெர்மன் தெரியும். என் முதுகுல நானே எப்படிடா காது வைக்கறது?" என்று சென்னியப்பன் நொந்துகொண்டான். வேறொரு முதுகு கிடைத்தால் அல்லவா விஷயம் தீரும்!

அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து மகளோடு மாடியேறி வந்தார். உள்ளே மூன்று குரங்குக் குல்லாய்கள். ஒன்றுக்குச் சட்டை இல்லை. தரையெல்லாம் தண்ணீர். மெத்தைக்கு வளையல் போட்ட கைகள், போதாக்குறைக்கு ஒரு வால். அவர் தலை சுற்றி அப்படியே மெத்தையில் மல்லாந்து விழுந்தார். ஒரு கை அவர் நெஞ்சின்மேல் படிந்தது.

"ஏந்திக்கிச்சு!" என்று மூவரும் கைதட்டினார்கள்.

நாச்சிமுத்து அந்தக் கையை உதறிவிட்டு எழுந்தார். "எங்கய்யா என் இங்கிலீஷ்?"

"இங்கிலீஷ் இன்னும் ஒரு வரிகூட எழுதலீங்க மாமா" என்றான் சென்னியப்பன் பெருமையாக. "ஆனா மெத்தைய முழுசா மொழிபெயர்த்தாச்சுங்க."

"கண்ணாலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வா அம்மிணி போலாம்" என்று சொல்லி அவர் விருட்டென்று திரும்பினார்.

கோகிலவாணிக்கு முகம் வாடிப்போயிற்று. அவள் மயில்சாமியிடம் இரண்டு வார்த்தை விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். கெட்டிக்காரப் பெண். ஓடிப்போய் அப்பாவின் முதுகில் காதை வைத்தாள்.

"அப்பா! உங்க முதுகு பேசுதுங்க. வைகாசியிலயே கண்ணாலத்த வெச்சுக்கலாம்னு சொல்லுது."

நாச்சிமுத்து நின்றார். மகள் முகத்தைப் பார்த்தார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மீசைக்குக் கீழே சிரிப்புக்கூட எட்டிப்பார்த்தது. "என் முதுகே சொல்லுதா? அப்ப நான் என்னத்தச் சொல்ல..."

"ஒரு நிமிசமுங்க மாமா" என்று சென்னியப்பன் குறுக்கே புகுந்தான். "சரிபாக்காம ஒத்துக்கக்கூடாதுங்க. ஒரு வரிகூடப் பொய் இருக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

கோகிலவாணி கண்ணைக் காட்டினாள். உதட்டைக் கடித்தாள். அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். அவன் பாட்டுக்கு மாமனாரின் முதுகில் காதை வைத்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"இல்லீங்க" என்றான் கடைசியில். "அம்மிணிக்கு ஜெர்மன் பழக்கம் இல்லீங்க, தப்பாக் கேட்டுப்போட்டாங்க. இந்தப் பயலுக்குப் பொண்ணைக் குடுத்தா என் பேரை மாத்திக்கறேன்னு உங்க முதுகு ரொம்பத் தெளிவாச் சொல்லுதுங்க."

நாச்சிமுத்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"அண்ணா, பொண்ணு போயிருச்சுங்களே" என்றான் திருமூர்த்தி.

"பொண்ணு கெடக்குதுடா" என்றான் சென்னியப்பன். அவன் முகம் மலர்ந்திருந்தது. "முதுகு பேசுதுங்கறது நிசமாயிருச்சே, எடு பேனாவ!"

அவன் ஐஸ் பாளத்தில் காலை நன்றாக ஊன்றி, நடுங்கிக்கொண்டே, தன் முதல் இங்கிலீஷ் வரியை எழுதினான்: இந்த மெத்தையில் படுத்தால் உங்கள் முதுகு கட்டாயம் பேசும், நன்றிதான் சொல்லும் என்பதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.