பாதி ஆட்டத்தில் தூக்கிய போர்டு

எனக்குத் தீங்கு செய்தவர் பேராசிரியர் வேதநாயகம். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது என் பெயரைச் சொல்வதில்லை. "அங்கே ஒரு பெரியவர் ஆடிக்கொண்டிருந்தார்" என்பாராம்.

என் பெயர் வரதன். அவரைவிட இரண்டு வயது சின்னவன்.

*

ரோஸ்லின் எங்கள் தெருப் பெண். கட்டடக்கலை கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிய வேண்டுமென்றால் ஒரு கட்டடத்தைத் தானே யோசித்து வரைந்து கொடுக்க வேண்டும். தீசிஸ் என்பார்கள். என்ன கட்டடம் என்று அவள் சொல்ல வேண்டும். பேராசிரியர் சரி என்று சொல்ல வேண்டும்.

அவர் சொல்லவில்லை.

"ஏர்போர்ட் சார்."

"நீ ஏரோப்ளேன்ல போயிருக்கியா?"

"இல்ல சார்."

"அடுத்தது."

"மியூசியம்."

"கடைசியா எப்ப போன?"

"ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க."

"அடுத்தது."

"மலைமேல ரிசார்ட்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். இன்னொரு வருஷம் படிக்கவைக்க அவள் அப்பா தயாராக இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேற எனக்கு என்ன சார் தெரியும்? எங்க பேட்டையில ஒண்ணுமே இல்ல. டிப்போ மதில், தண்ணி லாரி, சந்து. அவ்ளோதான்."

"சாயங்காலம் என்ன பண்ணுவ?"

"அதுக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்ல சார்."

"என்ன பண்ணுவ?"

"கேரம் ஆடுவேன்."

"கிளம்பு," என்றார்.

*

எங்கள் மன்றத்தின் பெயர் இளைஞர் கேரம் மன்றம். ரோஸ்லினை விட்டால் அதில் இளைஞர் கிடையாது.

பஸ் டிப்போ மதிலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. நடுவில் போர்டு. அதற்கு மேலே தாழ்வாகத் தொங்கும் ஒரு பல்பு. நான்கு ஸ்டூல். ஜெயித்தவர் பெயரை எழுத ஒரு ஸ்லேட்டு. ஆடுகிறவர்களைவிட யோசனை சொல்கிறவர்கள் அதிகம்.

அன்றைக்கு நானும் அவளும் ஒண்டிக்கு ஒண்டி. அவளோடு வந்த பேராசிரியர் கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

அந்தப் பெண்ணை நான் அதுவரை ஜெயித்ததில்லை. அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் மன்றத்தில் இல்லை.

"நைனா, இன்னைக்காவது ஜெயிப்பியா, இல்ல வழக்கம்போல பவுடரு சரியில்லன்னு சொல்லுவியா?" என்றாள் ரோஸ்லின்.

"வாயை மூடிக்கினு ஆடு."

அவள் மனசு ஆட்டத்தில் இல்லை. அதனால் எனக்கென்ன?

கடைசியில் போர்டில் அவள் கறுப்பு மூன்று, என் வெள்ளை ஒன்று, அப்புறம் ரெட்டு. ரெட்டு குழியின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. வெள்ளை அதற்குப் பின்னால். ரெட்டைத் தள்ளி வெள்ளையை ஃபாலோ போட்டால் ஆட்டம் என்னுடையது. முறையும் என்னுடையது.

ஸ்ட்ரைக்கரை வைத்தேன். விரலை மடக்கினேன்.

"ரோஸ்லின், உங்க மன்றம் எங்க இருக்கு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"இதான் சார்." கொட்டகைத் தகரத்தைத் தட்டிக் காட்டினாள். "சொன்னேன்ல, ஒண்ணுமே இல்லன்னு."

"சார், ஒரு நிமிஷம்," என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கையாலும் போர்டைத் தூக்கினார்.

காய்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. ரெட்டு குழியில் விழுந்தது. யாரும் போட்ட ரெட்டு இல்லை அது.

போர்டோடு நடந்து தெருவுக்குப் போனார். நடுத்தெருவில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு டிரம்மின் மேல் அதை வைத்தார்.

வாத்தியார் என்பதால் யாரும் திட்டவில்லை. நான் மட்டும் திட்டினேன். அவர் சொல்லும் கதையில் அது வராது.

மீன் விற்கும் துரை ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒருவன் வயரோடு பல்பை இழுத்து வந்து தண்ணி லாரியின் கண்ணாடியில் மாட்டினான். இரண்டு பைக்கைக் குறுக்கே நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் வந்தார்கள். அவரவர் எப்போதும் நிற்கிற பக்கத்திலேயே நின்றார்கள். சண்டை போட்டுப் பேசாமலிருந்த இரண்டு பேர் இங்கேயும் எதிரெதிரே நின்றார்கள். கொட்டகைக்குள் ஒருநாளும் கால் வைக்காத பெண்கள் குடத்தோடு நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.

"சுத்திப் போ," என்றான் துரை.

ஆட்டோ சுற்றிப் போனது.

"இப்ப மன்றம் எங்க இருக்கு?" என்றார் பேராசிரியர்.

ரோஸ்லின் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

பவுடர் டப்பாவை எடுத்தாள். குனிந்து, நின்றவர்களின் கால்களைச் சுற்றி ரோட்டில் தூவிக்கொண்டே போனாள். ஸ்டூல்களைச் சுற்றி. பைக்கைச் சுற்றி. குடத்தோடு நின்ற பெண்களைச் சுற்றி.

"யாரும் அசையாதீங்க," என்றாள்.

என் காலைச் சுற்றியும் தூவினாள்.

கோடு ஆரம்பித்த இடத்துக்கே வந்ததும் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. பவுடராகவும் இருக்கலாம்.

"இதுக்குச் சுவர் கிடையாது சார்."

"வரைஞ்சு எடுத்துட்டு வா."

"என் ஆட்டம்?" என்றேன்.



*

பரீட்சை அன்று மார்க் போட வெளியூர்ப் பெரியவர்கள் வந்து அவள் வரைந்ததைப் பார்த்தார்களாம்.

"எல்லாம் சரி, கட்டடம் எங்கம்மா?"

"நீங்க நிக்கிற இடம்தான் சார். கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

பாஸ் பண்ணிவிட்டாள். மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்வீட் பெட்டியோடு மன்றத்துக்கு வந்தாள். எல்லோரும் எடுத்தார்கள். நான் தொடவில்லை.

"நைனா, அன்னைக்கு நீதான் ஜெயிச்சிருப்ப. நானே சொல்றேன்."

"ஜெயிச்சிருப்பான்னு எவனும் ஸ்லேட்டுல எழுத மாட்டான்."

"சரி வா, புதுசா ஒண்ணு போடலாம்."

"புதுசு வேணாம். அத முடி."

"காய் எங்கெங்க இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லியே."

"எல்லார் காலும் எங்க இருந்துச்சுன்னு மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் ஸ்வீட் பெட்டியை மூடினாள்.

"தூக்கினவரக் கேளு நைனா," என்றாள்.

*

இப்போது பேராசிரியர் வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். கொட்டகை வாசலில் நின்று கதையைச் சொல்கிறார். பிள்ளைகள் தகரத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த வருஷம் அவர் வருவதற்கு முன்பே காய்களை அன்று இருந்தபடி வைத்தேன். கறுப்பு மூன்று. குழியின் வாயில் ரெட்டு. பின்னால் என் வெள்ளை.

அவர் கதையை முடித்தார்.

"சார்," என்றேன். "ஆட்டத்த நிறுத்தினது நீங்க. வந்து எதிர்ல உக்காருங்க. இருந்தது இருந்தபடியே வச்சிருக்கேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போர்டுக்குப் பக்கத்தில் வந்தார்.

"பெரியவரே, அந்த ஆட்டம் இப்ப எங்க இருக்கு?"

கேட்டுக்கொண்டே இரண்டு கைகளையும் போர்டின் விளிம்பில் வைத்தார்.

பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தார்கள்.

நான் அவர் கைகளின் மேல் என் கைகளை வைத்தேன்.

"இங்கதான் சார் இருக்கு. கையை எடுங்க."

எடுத்தார்.

எதிர் ஸ்டூல் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.